அக்கா பேரில் எட்டு வருஷம்

நாவல்கொல்லைத் தேயிலைத் தோட்டத்தில், ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுக்கிற காலைப் பிரட்டைப் பார்த்திருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். வேலைக்கு ஆள் பிரிக்கிற கணக்கப்பிள்ளை "புஷ்பராணி!" என்று கூப்பிடுவார். "வந்துட்டேங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருகிறவள் காத்தாயி. அசல் புஷ்பராணி அந்த நேரத்தில் சேலைக் கொசுவத்துக்கு ஊசி குத்திக்கொண்டு, டீச்சர் வேலைக்குப் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பாள். அக்காவின் பேரில் தங்கச்சி கொழுந்து பறிக்கிறாள். ஒளிவு மறைவெல்லாம் கிடையாது. கங்காணிக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், தோட்டத்து நாய்க்குக்கூடத் தெரியும். தோட்டத்து மேனேஜர் துரைக்கு மட்டும் தெரியாது. துரைக்கு என்னதான் தெரிந்தது, அதுவும் தெரிவதற்கு!

இந்தக் கூத்து தொண்ணூறாம் வருஷம் ஆரம்பமானது. அப்பன் மாடசாமி மிளகு பறிக்க ஏணியில் ஏறியவர், விழுந்து, இரத்தோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். காரியம் முடிந்த கையோடு தோட்டத்து ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவில், ஒற்றை அறையில், குடியிருந்தால் அந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் வேலைக்கு வரவேண்டும், அது அந்தத் தோட்டத்துச் சட்டம். அம்மா சுந்தரம்மா ஒருத்தி இருக்கிறாள். இன்னொரு பேர் எங்கே? பேர் கொடுக்கவில்லையென்றால் காம்பராவைக் காலி பண்ணு.

மூத்தவள் புஷ்பராணிக்கு அப்போது பதினாறு வயது. பிறப்புப் பத்திரம் இருந்தது, பேர் பதியலாம். ஆனால் அவள்தான் அந்த வருஷம் சாதாரண தரப் பரீட்சையில் தோட்டமே வாயைப் பிளக்கிற மாதிரி பாஸ் பண்ணியிருந்தாள். மாத்தளைக்குப் போய் மேலே படிக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இளையவள் காத்தாயிக்குப் பதின்மூன்று. ஏழாம் வகுப்பு. அவளுக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. தமிழர்களுக்கு எதிரான எழுபத்தேழு கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தபோது சுந்தரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடி, அங்கேயே பெற்றுப் போட்ட பிள்ளை அது. உயிர் பிழைத்ததே பெரிய காரியம், அதில் பதிவை யார் நினைத்தார்கள்? பிறகு நாளைக்குப் போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அப்படியே விட்டுவிட்டார்கள்.

வழி சொன்னவர் கங்காணி அழகமுத்து. நல்ல மனுஷன்தான், இல்லையென்று சொல்ல முடியாது.

"பேரு மூத்தவ பேரா இருக்கட்டும் சுந்தரம்மா. ஆளு சின்னவள அனுப்பு. ரெண்டும் ஒரே முகம்தானே? கணக்கப்புள்ளகிட்ட நான் பேசிக்கிறேன்."

சுந்தரம்மா அன்றைக்கு ராத்திரி இரண்டு பிள்ளைகளையும் அடுப்படியில் உட்காரவைத்துப் பேசினாள். "ரெண்டு பேரயும் அரைகுறையா ஆக்குறதுக்கு ஒருத்திய முழுசா ஆக்கிருவோம். படிச்ச புள்ள ஒண்ணு இருந்தாப் போதும், குடும்பமே கரையேறிடும். மூத்தவ டீச்சராகட்டும். அப்புறம் சின்னவளப் பாக்குறது அவ பொறுப்பு. பத்திரம் எடுத்துக் குடுத்து, படிக்க வச்சு, எல்லாம் அவதான் செய்யணும். என்னடி புஷ்பா?"

"சத்தியமாச் செய்வேம்மா" என்று புஷ்பராணி தங்கச்சியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொய்யான அழுகை இல்லை. காத்தாயியும் அழுதாள். ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பதின்மூன்று வயதில் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் பெருமை வராது?

பிள்ளை படிக்கப் பணம் போடுகிறார்கள் என்று சொல்லுவோம். அந்த வீட்டில் போட்டது பணம் இல்லை, இன்னொரு பிள்ளையைத்தான் போட்டார்கள். அக்கா உயர்தரம் படித்த காலம் முழுக்கத் தங்கச்சி மலையில் நின்றாள். அக்காவின் வெள்ளைச் சட்டையைத் துவைத்து, நெருப்புக் கரி போட்ட ஸ்திரிக்கைப்பெட்டியால் தேய்த்து வைத்தவளும் அவள்தான். அக்கா பரீட்சையில் ஒரு தடவை கோட்டை விட்டபோது, "பரவால்லக்கா, திரும்ப எழுது, நான் இருக்கேன்ல" என்று சொன்னவளும் அவள்தான்.

தொண்ணூற்றைந்தில் புஷ்பராணி டீச்சரானாள். தோட்டத்துக்குக் கீழே இருக்கிற ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நியமனம். லயமே திரண்டு வந்து பார்த்துவிட்டுப் போனது. காத்தாயி அன்றைக்கு இரவு தூங்கவே இல்லை. அடுத்தது தன்னுடைய முறை அல்லவா?

அடுத்தது வந்தபாடில்லை. முதலில் அம்மாவின் கண் ஆபரேஷன். சரி, அது தேவைதான். பிறகு அக்காவின் வேலை நிரந்தரமாகட்டும் என்றார்கள். அதுவும் நியாயம்தான். அப்புறம் அக்கா பயிற்சிக்குப் போய்வரட்டும் என்றார்கள். காத்தாயி வாயைத் திறந்தாலே, "இப்பப் போயி நீ வேற பேருல பதிஞ்சா, அப்ப இத்தன வருசம் தோட்டத்துல வேல செஞ்சது யாருன்னு கேப்பாங்கடி. சர்க்கார் வேலையில இருக்கிறவ பேரு தோட்டத்துலயும் இருக்குன்னு தெரிஞ்சா அக்கா வேல போயிரும். காம்பராவும் போயிரும்" என்பாள் அம்மா. சரிதானே? சரிதான். எல்லாமே சரியாக இருந்தது, அதுதான் காத்தாயிக்கு வயிற்றெரிச்சல். ஒன்றாவது அநியாயமாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

இந்த நேரத்தில்தான், தொண்ணூற்றெட்டில், கண்டியில் குண்டு வெடித்தது. இரத்தோட்டை ரோட்டில், தோட்டத்தை விட்டு இறங்கினால் வருகிற ஆற்றுப் பாலத்தடியில், ஆமிக்காரர்கள் மணல்மூட்டை அடுக்கிச் செக் பொயின்ட் போட்டுவிட்டார்கள். ஐடென்டிட்டி அட்டை இல்லாமல் ஒரு தமிழ் ஆள் பாலத்தைத் தாண்ட முடியாது. அம்மாவிடம் அவளுடையது இருந்தது. பெண் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இருப்பதோ ஒரே ஐடென்டிட்டி. கிழமை நாட்களில் அக்கா எடுத்துக்கொண்டு போவாள். அக்கா வீட்டிலிருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் காத்தாயி கேட்டு வாங்கிப் போவாள். பதினேழு வயதில் ஒட்டிய கன்னத்தோடு அக்கா எடுத்த படம், இப்போது அக்காவை விட காத்தாயிக்குத்தான் பொருத்தமாக இருந்தது.

ஞாயிறுகளில் அவள் போவது இரத்தோட்டைக் கடைத்தெருவில் ஹிதாயா தாத்தாவின் தையல் கடைக்கு. தாத்தா என்றவுடன் தாடி வைத்த கிழவரை நினைத்துவிடாதீர்கள். முஸ்லிம்கள் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். ஹிதாயாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஸ்கூல் உடுப்புத் தைக்கிற கடை. காத்தாயி பட்டன் கட்டப் போனவள், கொலர் வைக்கப் படித்து, பிறகு துணி வெட்டவே படித்துவிட்டாள். துணியில் கோடு போடுகிற சோக் கட்டியைக் கையில் எடுத்தால் அவள் முகமே மாறிவிடும். அந்த ஒரு நாளில்தான் யாரும் அவளைப் புஷ்பராணி என்று கூப்பிடுவதில்லை.

நோன்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு ஹிதாயா சொன்னாள்: "காத்தாயி, மாத்தளை டவுன்ல பெரிய கடையொண்டு எடுக்கிறோம். பெருநாளுக்குப் பொறகு தொறக்கிற. ஒனக்கு நல்ல சம்பளம் தாரேன், கடைக்கு மேல தங்கிறதுக்கு ரூமும் ஈக்கிது. வாரியா?"

காத்தாயி உடனே தலையை ஆட்டினாள்.

"ஆனா ஒண்டு. டவுன்ல வீட்டுல யார் யார் தங்கிறாங்கண்டு பொலிஸ்ல பதியணும். ஒனக்கு ஒண்ட சொந்த ஐடென்டிட்டி வேணும். அக்கா டீச்சர்ட சாமானக் கொண்டு வந்துராத. எனக்கு ஒங்க ரெண்டு பேரயும் தெரியும், பொய் சொல்ல மாட்டேன். எங்க வாப்பாவையும் சேத்து உள்ள போடுவாங்க."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த காத்தாயி பழைய காத்தாயி இல்லை. சோற்றைத் தட்டில் போட்டு வைத்துக்கொண்டு, நேருக்கு நேராகக் கேட்டாள்.

"அக்கா, எனக்குப் பொறப்புப் பதியணும். நோன்பு முடியிறதுக்குள்ள. நீ சத்தியம் பண்ணுன."

புஷ்பராணி பிழைதிருத்திக்கொண்டிருந்த கொப்பிகளை மூடி வைத்தாள். அம்மாதான் குறுக்கே வந்தாள். "என்னடி பேசுற? தோட்டத்துல..."

"தோட்டத்துல புஷ்பராணி வேலைய விட்டுட்டான்னு சொல்லிருவோம். கல்யாணம் ஆயிப் போயிட்டான்னு சொல்லு. வருசத்துக்கு எத்தன பேரு போறாங்க? ஒருத்தராவது தேடிப் பாக்கிறாங்களா?"

"அப்பக் காம்பரா?"

"அக்கா டீச்சர்தானேம்மா? வாடகைக்கு ஒரு வீடு எடுத்துக் குடுக்கட்டும். இத்தன நாளு நான் குடுத்தேன்ல வீடு!"

அந்த வீட்டில் யாரும் அவள் வாயிலிருந்து அப்படியொரு பேச்சைக் கேட்டதில்லை. அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. புஷ்பராணிக்குக் கண் கலங்கியது. "சரி, செய்வோம்" என்றாள். மறுநாளே போய் விசாரித்து, காலம் கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பம் வாங்கிவந்து, தன் கையெழுத்திலேயே முத்து முத்தாக நிரப்பினாள். பேர்: மாடசாமி காத்தாயி. இரண்டாவது மகள். கிராம சேவகரிடம் கையொப்பமும் வாங்கினாள். காத்தாயி அந்தத் தாளைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசித்தாள். தன் பேரை மையில் எழுதி அவள் கடைசியாகப் பார்த்தது ஏழாம் வகுப்புக் கொப்பியில்.

"மாத்தளைப் பதிவு ஆபீசுக்கு அம்மாவும் நீயும் போயிட்டு வாங்க. நான் அன்னைக்கி லீவு போட்டுக்கிறேன். என் ஐடென்டிட்டிய எடுத்துட்டுப் போ. அது இல்லாமப் பாலத்தத் தாண்ட முடியாதுல்ல" என்றாள் புஷ்பராணி.

பாருங்கள், எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! 'நான் புஷ்பராணி இல்லை, காத்தாயி' என்று சொல்லப் போகிறவள், புஷ்பராணியின் ஐடென்டிட்டியைக் காட்டிக்கொண்டு போகிறாள். ஆனால் வேறு எப்படிப் போவது? பேர் எடுக்கப் போவதற்கே ஒரு பேர் வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் காத்தாயிக்கு இதெல்லாம் தோன்றவில்லை. சந்தோஷத்தில் தலை கால் புரியாமல் இருந்தாள். பெட்டிக்குள்ளிருந்து நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள், தலைக்குப் பூ வைத்தாள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

பாலத்தடியில் அன்றைக்குத்தான் புதுப் பட்டாளம் மாறியிருந்தது. மீசை முளைக்காத ஒரு ஆமிக்காரன் அட்டையை வாங்கிப் பார்த்தான். "புஷ்பராணி?" என்றான். "ஓ மாத்தயா" என்று சிங்களத்தில் ஐயா போட்டு ஆமாம் சொன்னாள் காத்தாயி. எந்தத் தொந்தரவும் இல்லை. பஸ் ஏறி மாத்தளையில் இறங்கினார்கள்.

பதிவு ஆபீஸ் வாசலில் கேட். கேட்டில் பொலிஸ். உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஐடென்டிட்டியைக் கொடுத்துவிட்டு, பேர் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். அட்டை பொலிஸ்காரன் மேசையிலேயே இருக்கும், வெளியே வரும்போது துண்டைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பொலிஸ்காரன் கேட்டு எழுதினான், நீட்டினான். காத்தாயி துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேசைக்குப் பின்னால் பதுர்தீன் என்ற எழுத்தர் இருந்தார். தமிழ் பேசுகிறவர், வயதானவர், முகத்தில் ஒரு தயவு இருந்தது. விண்ணப்பத்தை நிதானமாக வாசித்தார்.

"எழுத்து நல்லா இருக்கே. யார் எழுதினது?"

"மூத்த மகளுங்க. டீச்சர்" என்றாள் சுந்தரம்மா பெருமையோடு.

"இது பதியவேண்டிய பிள்ளையா? பேர் காத்தாயி. சரி. எங்க, கேட்டுல தந்த துண்டக் குடுங்க, இலக்கத்தப் போட்டுக்கொள்ளுவோம்."

காத்தாயி நீட்டினாள். அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"இதில மாடசாமி புஷ்பராணி எண்டு போட்டிருக்கு."

காத்தாயிக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். கதவோரத்தில் தோளில் துவக்கை மாட்டிக்கொண்டு நின்றிருந்த பொலிஸ்காரன் தமிழ் தெரியாதவன்தான், ஆனால் அறை அமைதியானது அவனுக்கும் தெரிந்தது. அவன் திரும்பிப் பார்த்தான்.

பதுர்தீன் குரலைத் தாழ்த்தினார். "மகள், நீங்க யார்? நீங்க காத்தாயி எண்டா, இந்த ஐடென்டிட்டி எப்படி ஒங்கட கையில வந்தது? இந்தக் காலத்துல இன்னொரு ஆள்ட ஐடென்டிட்டியில நடமாடுறது என்ன கேஸ் எண்டு தெரியும்தானே? நான் கேக்காம விட ஏலாது. இங்க எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கிறாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

சொல்லவேண்டியது ஒரே ஒரு சொல். இருபத்தொரு வருஷமாக அவளுக்குச் சொந்தமாக இருந்த ஒரே சொல். காத்தாயி வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் சுந்தரம்மா பேசிவிட்டாள்.

"இது புஷ்பராணிதாங்க ஐயா. இதுதான் மூத்தது."

"அப்ப காத்தாயி எங்க?"

"அது செத்துப்போச்சுங்க."

காத்தாயி திரும்பித் தாயைப் பார்த்தாள். சுந்தரம்மா அவளைப் பார்க்கவில்லை. கும்பிட்ட கையைக் கீழே இறக்காமல் எழுத்தரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப?"

"கலவரத்துலங்க. காட்டுல பொறந்துச்சு, பொறந்த கையோட போயிருச்சு. அதுக்கு ஒரு பத்திரம் எடுத்து வச்சுக்கலாம்னு ஆசப்பட்டு வந்தோமுங்க. படிக்காத சனம், தெரியாதுங்க."

பதுர்தீன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை என்று அவர் முகமே சொன்னது. ஆனால் தப்பித்துக்கொள்ள ஒரு கதவு திறந்துவிட்டது, அதைச் சாத்த அவருக்கு மனம் வரவில்லை. இரக்கப்பட்டுத்தான் செய்தார், பாவம். விண்ணப்பத்தின் குறுக்கே பேனாவால் எழுதினார். எழுதியதை மெதுவாக வாசித்தும் காட்டினார்: 'மேற்குறித்த பிள்ளை பிறந்தவுடன் இறந்துவிட்டதாகத் தாய் கூறுகிறார். உயிரோடு இருப்பது மூத்த மகள் புஷ்பராணி மட்டுமே.' மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். சுந்தரம்மா தயங்காமல் பெருவிரலை அழுத்தினாள்.

வெளியே வந்து அட்டையை வாங்கிக்கொண்டு ரோட்டில் இறங்கியபின்தான் சுந்தரம்மா மகளின் கையைப் பிடித்தாள். "நான் என்னடி செய்ய? புடிச்சிட்டுப் போயிருப்பாங்கடி ஒன்ன. உள்ள போனவங்க வெளிய வந்திருக்காங்களா? நீ போயி, அக்கா வேலையும் போயி..." என்று அழுதாள்.

அம்மா பொய் சொல்லித் தன்னைக் காப்பாற்றினாள் என்பது காத்தாயிக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் 'செத்துப்போச்சு' என்று சொல்ல அம்மாவுக்கு ஒரு நொடிகூட யோசனை வேண்டியிருக்கவில்லையே! அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டில் புஷ்பராணி சோறாக்கி, கருவாடு பொரித்து வைத்துக் காத்திருந்தாள். அம்மா மூக்கைச் சிந்திச் சிந்தி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். காத்தாயி நின்றபடியே கேட்டாள்.

"அக்கா, நீ அந்த ஆபீசுக்கு எத்தன தடவ போயிருக்க?"

"நியமனம் வந்தப்பப் போனேன். பத்திரத்துக்குப் பிரதி எடுக்கப் போனேன்."

"கேட்டுல பேரு எழுதித் துண்டு குடுப்பாங்கனு ஒனக்குத் தெரியும்ல?"

புஷ்பராணி அகப்பையைக் கீழே வைத்தாள். பொய் சொல்ல நினைத்தாள் என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை.

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுதான் அனுப்புனியா?"

"நீ கேட்டப்ப எனக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வரலடி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? அவங்களே முடியாதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவாங்கனு நெனச்சேன். இப்படி ஆகும்னு நெனைக்கல. சத்தியமா நெனைக்கல, காத்தாயி."

காத்தாயி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை எடுத்து, அட்டை உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"குடுடி அத. நாளைக்கு இன்ஸ்பெக்ஷன்" என்று புஷ்பராணி கையை நீட்டினாள்.

"யாரு அக்கா? காத்தாயி செத்தாச்சு. அம்மா ரேக வச்சுக் குடுத்துட்டு வந்திருக்கு. உசிரோட இருக்கிறது புஷ்பராணி மட்டும்தான். ஆபீஸ்ல போய் நின்னது நான், தோட்டத்துல பேரு நான், பாலத்துல பாத்தவன் பாத்தது என்னய. நீ யாருன்னு நீயே சொல்லு."

புஷ்பராணி நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றாள். அன்றைக்கு அந்தக் கருவாட்டை யாரும் தொடவில்லை.

விடிந்தது. பிரட்டுக்கு மணி அடித்தபோது காத்தாயி கூடையை எடுக்கவில்லை. இரண்டு சட்டையை ஒரு பையில் திணித்துக்கொண்டு கீழே இறங்கினாள். எங்கே போகிறாள்? ஹிதாயா சேர்க்கமாட்டாள், அது அவளுக்கே தெரியும். மாத்தளையில் ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்தது. அங்கே போய் நிற்கலாம், புஷ்பராணி என்று சொல்லலாம். அவள் விரும்பிய கடை இல்லை, விரும்பிய பேரும் இல்லை. போகாமல் இருந்தாலும் அதே பேரில்தான் இருக்கவேண்டும். அப்படியென்றால் போவது மேல் என்று நினைத்தாள்.

பாலத்தடியில் நேற்றைய அதே பையன். அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அடையாளம் தெரிந்து தலையை ஆட்டி அனுப்பிவிட்டான். அவள் பாலத்தைத் தாண்டிப் பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். அப்போதுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. புஷ்பராணி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்துகொண்டிருந்தாள். கூந்தல் பாதி அவிழ்ந்திருந்தது. மணல்மூட்டைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். அதற்கு மேல் வர அவளிடம் எதுவும் இல்லை.

கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிடவில்லை. எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள்? காத்தாயி என்று கூப்பிட்டால் அந்த இடத்திலேயே தங்கச்சியைப் பிடித்துவிடுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் முகத்தைப் பார்த்த காத்தாயிக்குக் கால் தன்னாலே ஒரு எட்டு முன்னால் வந்தது. கோபம் எங்கோ போய்விட்டது, பயம்தான் இருந்தது.

ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டான்: "எங்கே போகிறீர்? ஐடென்டிட்டி?"

"இல்லை" என்றாள் புஷ்பராணி.

"அந்தப் பெண்ணையா தேடி வந்தீர்? அவள் யார்?"

புஷ்பராணி பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். தங்கச்சியின் பையைப் பார்த்தாள். டீச்சர் என்று சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பேரைச் சொல்லியிருக்கலாம், ஆள் அனுப்பி விசாரிக்கச் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே அவளுடைய அட்டை அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். காத்தாயி அதைத்தான் எதிர்பார்த்தாள். ஓடவும் தோன்றாமல் பஸ் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் அக்கா" என்றாள் புஷ்பராணி. பள்ளிக்கூடத்தில் பேசுகிற அதே தெளிவான குரல், காத்தாயிக்கு நன்றாகக் கேட்டது. "புஷ்பராணி. டவுனுக்கு வேலைக்குப் போகிறாள். போகும்போது பார்க்கவேண்டும் என்று ஓடிவந்தேன்."

"உம்முடைய பேர்?"

"காத்தாயி."

"ஐடென்டிட்டி ஏன் இல்லை?"

"பிறப்புப் பதியவில்லை, மாத்தயா."

அவன் துவக்கின் முனையால் மலைப் பக்கம் காட்டினான். ஐடென்டிட்டி இல்லாமல் இனி இந்தப் பக்கம் இறங்கி வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னான். புஷ்பராணி தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தோட்டத்துப் பாதையில் ஏறினாள். மேலே பிரட்டு இன்னும் கலையவில்லை, காத்தாயி எடுக்காமல் வந்த கூடை காம்பராவில் அப்படியே இருந்தது.

பஸ் வந்து நின்றது. ஏறுவதா, திரும்பி ஓடுவதா என்று தெரியாமல் காத்தாயி படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று அழுதாள். கொண்டக்டர் சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டு, "ஏறு நங்கி, ஏறு, நேரமாகுது" என்று கத்தினான்.